அட்டையில் இருந்த பெயர்: ஒரு கைம்பெண் ஓய்வூதியம் வந்து சேர ஆன இருபது மாதங்கள் (நிகழ்வு ஆய்வு)

எதைப் பற்றியது

தமிழ்நாட்டின் ஒரு கிராம ஊராட்சியில் வசிக்கும் குடும்பம் இது. வீட்டுத் தலைவர் 2022 நவம்பரில் இறந்தார். அவர் மனைவிக்கு ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் கைக்கு வந்தது 2024 ஜூலையில். இடைப்பட்ட இருபது மாதங்களில் அந்தக் குடும்பத்தை எந்தெந்தத் திட்டம் தாங்கியது, எது தாங்காமல் விட்டது, உதவி செய்யப் போன நாங்கள் எங்கே தவறினோம் என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் விண்ணப்பம் எழுதித் தருவது, அலுவலகங்களுக்குக் கூடப் போய் வருவது என்று சில வருடங்களாகச் செய்து வருகிறோம். இதை எழுத அந்த அம்மா சம்மதம் தந்தார். பெயர்களும் ஊரும் அலுவலக விவரங்களும் இதில் இல்லை.

பின்னணி

இறந்தவருக்கு வயது 41. சுமை தூக்கும் வேலை. வீட்டில் அவருடைய தாயார் (67), மனைவி (36), பன்னிரண்டாம் வகுப்புப் படித்த மகள், நான்காம் வகுப்புப் படித்த மகன். ஐந்து பேரும் ஒரே குடும்ப அட்டையில் இருந்தார்கள். அது முன்னுரிமை அட்டை. ஆளுக்கு 5 கிலோ கணக்கில் மாதம் 25 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைத்தது.

வீட்டுக்குள் ஏற்கனவே ஒரு திட்டம் இருந்தது. தாயார் முதியோர் ஓய்வூதியம் வாங்கினார். ஊரில் 'ஓஏபி பணம்' என்பார்கள். அப்போது மாதம் 1,000 ரூபாய். மகன் இருந்தவரை அது மாத்திரைக்கும் பேரப் பிள்ளைகள் கைச்செலவுக்கும் போனது. மகன் போன பிறகு, தேதி தவறாமல் வீட்டுக்குள் வரும் ஒரே பணம் அதுதான் என்று ஆனது. ஒருவர் பெயரில் வரும் ஓய்வூதியத்தை ஒருவருக்கான தொகையாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தக் குளிர்காலத்தில் நான்கு பேர் அதில் சாப்பிட்டார்கள்.

மருமகளுக்கு நூறு நாள் வேலை உண்டு. அது இல்லாத நாட்களில் களை எடுப்பு, கிடைத்தால் சித்தாள் வேலை. 2023–24இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 294 ரூபாய். வேலையை அளந்து கொடுப்பதால் அவர் கைக்கு வந்தது பெரும்பாலும் 250 ரூபாயை ஒட்டித்தான்.

பெயர் ஒன்று, எழுத்து வேறு: நவம்பர் 2022 – ஏப்ரல் 2023

அவர் வீட்டிலேயே மாரடைப்பில் இறந்தார். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பதினாறாம் நாள் சடங்குகளுக்கு நடுவே உறவினர் ஒருவர் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) அலுவலகம் போய்ப் பதிந்துவிட்டு வந்தார். நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் ஊரில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டார். ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் இருந்தது வேறு பெயர்.

பிப்ரவரியில் எங்களிடம் வந்தபோது அந்த அம்மா கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே ஆதார்கள், இறப்புச் சான்றிதழ், வேலை அட்டை, இரண்டு வங்கிப் புத்தகங்கள், ஒரு நாற்பது பக்க நோட்டு. அந்த நோட்டு பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் முதலில் எடுத்த முடிவு, சான்றிதழில் பெயரைத் திருத்துவது. அது திருந்தாமல் வாரிசுச் சான்றிதழ் வாங்கினால் அதிலும் தவறான பெயரே ஏறும், அடுத்தடுத்த எல்லாவற்றிலும் அது தொடரும் என்று நினைத்தோம். இது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் திருத்தத்துக்கு ஒரு மாதம் போனது. வாரிசுச் சான்றிதழ் மார்ச் கடைசியில் கிடைத்தது. ஏப்ரல் 2023இல் இ-சேவை மையம் வழியாக விதவை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தோம்.

மத்திய அரசின் விதவை ஓய்வூதியம் 40 வயதுக்கு மேல்தான். இவருக்கு 36. அதனால் 1975 முதல் தமிழ்நாடு அரசு தானே நடத்திவரும் ஆதரவற்ற விதவை ஓய்வூதியத் திட்டம்தான் இவருக்குப் பொருந்தும்.

அன்று நாங்கள் பார்க்காமல் விட்ட ஒன்று இருந்தது. குடும்ப அட்டையின் நகலை இணைத்தோமே தவிர, அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று படிக்கவில்லை.

'கார்டுக்கு ஒன்னுதான்': ஜூலை 2023

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா தாலுகா அலுவலகத்தில் விசாரித்தார். நின்றுகொண்டே கேட்ட கேள்விக்கு நின்றுகொண்டே பதில் வந்தது: "உங்க கார்டுல ஏற்கனவே ஒருத்தங்க ஓஏபி வாங்குறாங்கல்ல? கார்டுக்கு ஒன்னுதான். தள்ளுபடி ஆயிடுச்சு."

அவர் அதை அப்படியே வந்து சொன்னார். நாங்களும் அப்படியே நம்பினோம். மாமியார் வாங்கும் பணத்தைக் காட்டி மருமகளுக்கு மறுப்பதா என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. அப்படி ஒரு விதியை எழுத்தில் யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. கடைசியில் அதே அட்டையில் இருவருக்கும் ஓய்வூதியம் ஓடுகிறது என்பதால், அந்தப் பதில் சரியானதல்ல என்பது தெளிவு. ஆனால் ஜூலையில் நாங்கள் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: தள்ளுபடிக்கான காரணத்தை எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பதிலுக்கு, அட்டையைப் பிரிப்பதா என்று யோசித்தோம். இ-சேவை மையத்துக்கு வெளியே உட்காரும் ஒருவர் அந்த வழியைச் சொல்லியிருந்தார். மாமியாரைத் தனி அட்டையாக்கிவிட்டால் இரண்டு குடும்பம், இரண்டு கணக்கு என்றார். கேட்க எளிதாக இருந்தது. ஆனால் தனி அட்டைக்குத் தனிச் சமையல் இருக்க வேண்டும், வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். இந்த வீட்டில் ஓர் அடுப்புதான். பொய் சொல்லி வாங்கும் அட்டை பிறகு எப்போது வேண்டுமானாலும் அவர்களுக்கு எதிராகத் திரும்பும். அதோடு, புதிய அட்டைக்கு எழுதிப் போட்ட வேறு இரண்டு குடும்பங்களின் விண்ணப்பம் எங்கள் கண் முன்னே மாதக்கணக்கில் நகராமல் கிடந்தது.

மாமியாரிடம் கேட்டோம். "என்னைய தனியா எழுதுனா நான் தனியாளு ஆயிடுவேனாப்பா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பிறகு அந்த யோசனையைத் தொடரவில்லை.

மகளிர் உரிமைத் தொகை: நாங்கள் சொன்னதும் அவர் செய்ததும்

அதே ஜூலையில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான முகாம்கள் தொடங்கின. மாதம் 1,000 ரூபாய். ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று வரம்புகள். இந்தக் குடும்பம் அவற்றுக்கெல்லாம் வெகு கீழே. ஆனால் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்குவோர் உள்ள குடும்பத்துக்குக் கிடையாது என்றுதான் முதலில் விதி இருந்தது. மாமியார் பெயரால் முதல் சுற்று முகாமில் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

ஆகஸ்ட் நடுவில் அந்த விதி தளர்ந்தது. முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர் வீட்டில் இருந்தாலும், ஓய்வூதியம் வாங்காத தகுதியுள்ள பெண் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். விட்டுப்போனவர்களுக்காக ஆகஸ்ட் 18, 19, 20இல் சிறப்பு முகாம் நடந்தது.

இங்கேதான் நாங்கள் தவறான ஆலோசனை சொன்னோம். "விதவைப் பணத்துக்கு மறுபடி எழுதப் போறோம். இப்ப இதை வாங்கினா, ஏற்கனவே ஒன்னு வருதேன்னு அதையும் மறுத்துடுவாங்க. பொறுங்கம்மா" என்றோம். எங்கள் கணக்கு இது: அந்த ஆகஸ்டிலிருந்து ஓய்வூதியம் 1,200 ரூபாய் ஆகியிருந்தது. இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது. பெரியதைக் காப்பாற்றச் சிறியதை விடலாம்.

காகிதத்தில் அது சரியாகத் தெரியும். ஆனால் வரும் என்று நம்பும் 1,200ஐயும் அடுத்த மாதமே வரக்கூடிய 1,000ஐயும் ஒரே தராசில் வைத்துவிட்டோம். சம்பளம் வாங்குகிறவர்களுக்கு வரும் தவறு இது. காத்திருப்பதற்கும் விலை உண்டு என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

அவருக்கு உறைத்தது. இரண்டாம் நாள் முகாமுக்கு எங்களிடம் சொல்லாமல் போய் விண்ணப்பித்துவிட்டார். பிறகு கேட்டபோது, "நீங்க சொன்னது தப்புன்னு இல்ல சார். குழுக்காரங்க செவ்வாக்கிழமை வந்து உக்காந்துடறாங்க" என்றார். இறப்புச் செலவுக்கு வாங்கிய குழுக் கடனுக்கு வாரத் தவணை ஓடிக்கொண்டிருந்தது. அதை அதுவரை அவர் எங்களிடம் சொன்னதில்லை. நாங்களும் கடன் இருக்கிறதா என்று கேட்டதில்லை.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கப்பட்டபோது ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பட்டியலில் இருந்தார்கள். இவரும் அதில் ஒருவர். விண்ணப்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஓய்வூதியத்துக்கு அவர் ஏறி இறங்கியதை அருகிலிருந்து பார்த்த எங்களுக்கு, ஒரு திட்டம் இவ்வளவு விரைவாக ஒரு வீட்டை வந்தடைய முடியும் என்பதே பெரிய செய்தி.

590 ரூபாய்

ஆனால் முதல் மாத ஆயிரம் முழுதாகக் கைக்கு வரவில்லை. பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று கண்டுபிடிக்கவே நான்கு நாள் ஆயிற்று. அவர் வழக்கமாகப் பயன்படுத்துவது நூறு நாள் கூலி வரும் கணக்கு. ஆதாரை வைத்து அனுப்பும் பணமோ, எந்தக் கணக்கில் ஆதார் கடைசியாக இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் போகும். அவருக்கு அது குழுக் கடனுக்காகத் திறந்த கணக்கு. கடன் தொகை வந்த நாளோடு அதை மறந்துவிட்டார்.

அந்தக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பழைய பாக்கி நின்றிருந்தது. ஆயிரம் உள்ளே வந்ததும் 590 ரூபாயை வங்கி எடுத்துக்கொண்டது. 410 மீதம். அந்த வாரம் பல ஊர்களில் இதே புகார் எழுந்தது. உரிமைத் தொகையில் பிடித்தம் செய்யக் கூடாது, பிடித்தால் 1100 என்ற எண்ணில் புகார் சொல்லலாம் என்று நிதியமைச்சரே அறிவித்தார். நாங்களும் சொன்னோம், மனு எண்ணும் கிடைத்தது.

அதைவிடப் பயன்பட்டது வேறொரு வேலை. வங்கிக்குப் போய் அந்தக் கணக்கைக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். ஒரு கடிதம், ஒரு கையெழுத்து, பத்து நிமிடம். அக்டோபரிலிருந்து ஆயிரம் ஆயிரமாகவே வந்தது. இதைச் செப்டம்பருக்கு முன்னாலேயே செய்திருக்கலாம்.

மகளின் ஆறாம் வகுப்பு

இதே மாதங்களில் மகள் அரசுக் கலைக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்று வீடே எதிர்பார்த்திருந்தது. 2022 செப்டம்பரில் வந்த திட்டம் அது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, உயர்கல்வி முடியும் வரை தருவது என்பது அப்போதைய விதி.

மகள் ஏழு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. ஆறாம் வகுப்பு மட்டும் தனியார் பள்ளி. அந்த ஒரு வருடம் அப்பாவுக்கு ஒரு கிட்டங்கியில் நிலையான வேலை இருந்தது. இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்து, கட்ட முடியாமல் அடுத்த வருடமே எடுத்துவிட்டார். கட்டாயக் கல்வி உரிமைச் சட்ட இடத்தில் சேர்ந்திருந்தால் விலக்கு கிடைத்திருக்கும். அவர் கட்டணம் கட்டித்தான் சேர்த்தார். அதனால் தகுதி இல்லை என்று வந்தது. விதியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தோம். மேல்முறையீட்டுக்கு இடமே இல்லை.

இதில் எந்த அலுவலரையும் குறை சொல்ல முடியாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நோக்கமும் நல்ல நோக்கம்தான். ஆனால் ஏழைக் குடும்பத்தின் வருமானம் நேர்கோடாகப் போவதில்லை. ஒரு நல்ல வருடம் வரும், பிள்ளைக்கு நல்லது செய்ய ஆசைப்படுவார்கள், அடுத்த வருடம் சரியும். ஏழு வருடத்தையும் இடைவெளி இல்லாமல் கேட்கும் விதி, அந்த ஒரு வருட ஆசையைத் தகுதிக் குறைவாகக் கணக்கெழுதுகிறது. எனக்கு இந்த முழு நிகழ்விலும் மிகவும் வலித்த இடம் இதுதான்.

ஆனாலும் அவள் படிப்பை நிறுத்தவில்லை. அதற்கு முக்கியக் காரணம் பேருந்து. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வீட்டிலிருந்து கல்லூரிக்கு ஒரே பேருந்து. அதற்கு விண்ணப்பம் இல்லை, சான்றிதழ் இல்லை, அட்டையைக் காட்ட வேண்டியதில்லை. ஏறி உட்கார்ந்தால் போதும். அவளுடைய அம்மா தாலுகா அலுவலகத்துக்குப் போய் வந்ததும் அதே பேருந்தில்தான்.

கோப்பில் இருந்த ஒரு வரி: டிசம்பர் 2023 – ஜனவரி 2024

செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் இரண்டு முறை மனுக் கொடுத்தோம். இரண்டிலும் 'மாமியாரின் ஓய்வூதியத்தைக் காரணம் காட்டி மறுப்பது சரியல்ல' என்று நீளமாக எழுதினோம். இரண்டு முறையும் மனு தாலுகா அலுவலகத்துக்கே திரும்பிப் போனது.

டிசம்பரில் எங்களில் ஒருவர், "நாம இன்னும் அந்தத் தள்ளுபடிக் காரணத்தைக் கண்ணால பாக்கலையே" என்றார். அன்றே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். கோப்பின் நகலும் விசாரணை அறிக்கையும் கேட்டோம். முப்பது நாள் கெடுவுக்குள் பதில் வந்தது.

இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தில் கள விசாரணைக் குறிப்பு. அதில் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மனுதாரரின் கணவர் பெயர் குடும்ப அட்டையில் நடப்பில் உள்ளது, எனவே பரிந்துரை இல்லை என்று ஒரே வரி.

இறப்புச் சான்றிதழ் அதே கோப்பில் இணைந்திருந்தது. வாரிசுச் சான்றிதழும் இருந்தது. ஒரு காகிதம் அவர் இறந்துவிட்டார் என்கிறது. இன்னொன்று அவரைக் குடும்பத் தலைவர் என்று புகைப்படத்தோடு காட்டுகிறது. விசாரித்தவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். பெயரை நீக்கிவிட்டு வாருங்கள் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். நாங்களும் ஏப்ரலில் அட்டையை ஒரு முறை விரித்துப் படித்திருந்தால் முடிந்திருக்கும். எழுதப்படாத ஒரு காரணத்தோடு ஐந்து மாதம் சண்டை போட்டிருக்கிறோம்.

ஏன் நீக்கவில்லை என்று கேட்டோம். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பேர எடுத்தா அஞ்சு கிலோ போயிடும்னு சொன்னாங்க சார்" என்றார். மாமியார் உள்ளிருந்து அட்டையை எடுத்து வந்தார். மகனின் படம் இருந்த பக்கம் மேலே தெரிய அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். "இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டோம்" என்றார்.

இறந்தவர் பெயரில் அரிசி வாங்கியது தவறுதான். ஆனால் அவர்கள் இடத்திலிருந்து பார்த்தால், ஐந்து கிலோ ஒவ்வொரு மாதமும் கையில் வந்தது. ஓய்வூதியம் வரும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. பெயரை நீக்குவதற்கும் ஓய்வூதியத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. இழப்பு உடனே வரும், பலன் எப்போது வருமோ தெரியாது என்றால், யாராக இருந்தாலும் இருப்பதைப் பிடித்துக்கொள்வார்கள்.

திருத்தமும் காத்திருப்பும்: பிப்ரவரி – ஜூலை 2024

பிப்ரவரியில் பெயர் நீக்கத்துக்கும் தலைவர் மாற்றத்துக்கும் விண்ணப்பித்தோம். மாமியாரைத் தலைவராகப் போட்டோம். மூன்று வாரத்தில் முடிந்தது, அரிசி 20 கிலோ ஆனது. பழைய அட்டையை அந்தக் குடும்பமே வைத்துக்கொண்டது.

மார்ச் முதல் வாரத்தில் ஓய்வூதியத்துக்கு மறுபடி விண்ணப்பம். இந்த முறை இறப்பு, வாரிசு, அட்டை மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் படித்த பிறகே பதிவேற்றினோம். ஆனால் மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தன. புதிய உத்தரவுகள் தேர்தல் முடிந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டார்கள். ஜூன் கடைசியில் உத்தரவு கிடைத்தது, ஜூலையில் முதல் 1,200 வந்தது.

உத்தரவு நாளிலிருந்துதான் பணம். முதலில் விண்ணப்பித்த ஏப்ரல் 2023 முதல் கணக்கிட்டுத் தருவதில்லை. தாமதம் யாருடையதாக இருந்தாலும் இழப்பு குடும்பத்துக்குத்தான்.

உத்தரவு வந்த வாரம் அந்த அம்மா ஒன்று கேட்டார்: "இதை வாங்கினா அந்த ஆயிரம் நின்னுடும்ல? எரநூறு ரூவாய்க்கா சார் இத்தனை நடை?" நியாயமான கேள்வி. உரிமைத் தொகையையே வைத்துக்கொண்டு ஓய்வூதியத்தை விட்டுவிடலாமா என்று உட்கார்ந்து பேசினோம். இந்த முறை நாங்கள் முடிவு சொல்லவில்லை. இரண்டின் பக்கத்தையும் எழுதிக் கொடுத்தோம். ஓய்வூதியம் ஐம்பது வருடத்தை எட்டும் திட்டம், மறுமணம் செய்யாதவரை தொடரும். கூட்டு வருமானம் கொஞ்சம் கூடினால் உரிமைத் தொகைப் பட்டியலில் பெயர் நிற்குமா என்பது நிச்சயமில்லை. அவர் ஓய்வூதியத்தைத் தேர்ந்தார். ஆகஸ்டில் உரிமைத் தொகை நின்றது.

மகன் வகையில் ஒரு குறிப்பு. 2023 ஆகஸ்ட் 25 முதல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அப்போது அவன் ஐந்தாம் வகுப்பு. அந்த ஒரு கல்வியாண்டு அவனுடைய அம்மா காலை ஏழு மணிக்கே வேலைத்தளத்துக்குக் கிளம்ப முடிந்தது. 2024 ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போனான். திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. இப்போது பாட்டி எழுந்து சமைக்கிறார்.

நோட்டில் இருந்த கணக்கு

மஞ்சள் பையில் இருந்த நாற்பது பக்க நோட்டில், ஒவ்வொரு முறை அலுவலகம் போன நாளையும் அவர் எழுதி வைத்திருந்தார். தேதி, இடம், என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி. பல வரிகளில் 'சார் இல்லை', 'சர்வர் இல்லை', 'திங்கள் வரச் சொன்னார்' என்று இருக்கும். மொத்தம் 27 நடை. தாலுகா அலுவலகம் 11, வி.ஏ.ஓ. அலுவலகம் 6, இ-சேவை 4, வங்கி 3, ஆட்சியர் அலுவலகம் 2, வட்ட வழங்கல் அலுவலகம் 1.

இவற்றில் 14 நாட்கள் நூறு நாள் வேலை இருந்த நாட்கள். வேலைத்தளத்தில் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என இரண்டு முறை செல்பேசியில் படம் எடுத்து வருகை பதிந்தார்கள். 2023 ஜனவரியிலிருந்து இது கட்டாயமாகியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அலுவலகம் போய்விட்டு மூன்று மணிக்குத் திரும்பலாம் என்பதெல்லாம் முடியாது. ஒரு படத்தில் இல்லையென்றால் அன்றைய கூலி போயிற்று. 14 நாள், நாளுக்கு 250 என்று வைத்தால் 3,500 ரூபாய். எந்த அலுவலகக் கோப்பிலும் இந்தச் செலவு வராது.

எங்கள் பக்கத்தில் மாற்றியவை

இப்போது யார் வந்தாலும் முதல் வேலை குடும்ப அட்டையை விரித்து ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிப்பது. இறந்தவர், மணமாகிப் போனவர், வெளியூரில் வேறு அட்டையில் இருப்பவர் என்று யார் இருந்தாலும் அன்றே பேசிவிடுகிறோம். எத்தனை கிலோ குறையும், எதற்காக அதை ஏற்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

வாய்வழிக் காரணத்தை வைத்து மனு எழுதுவதில்லை. எழுத்தில் கேட்கிறோம், இரண்டு வாரத்தில் வராவிட்டால் தகவல் உரிமை மனு. கடன் உண்டா, தவணை எந்தக் கிழமை என்பதையும் கேட்கிறோம். ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று விண்ணப்பத்துக்கு முன்பே பார்த்துவிடுகிறோம். இப்போதே கிடைக்கும் ஒன்றை, பிறகு வரப்போகும் ஒன்றுக்காக விடச் சொல்வதில்லை.

அரசின் பக்கத்தில் மாற வேண்டியது என்று இந்த நிகழ்வை வைத்து நான் கேட்பது மூன்று. இறப்பைப் பதிந்த அன்றே குடும்ப அட்டைக்கும் ஓய்வூதியப் பிரிவுக்கும் தகவல் போக வேண்டும், பதிவதும் விசாரிப்பதும் ஒரே கிராம அலுவலகம்தானே. தள்ளுபடி என்றால் காரணமும், அதைச் சரிசெய்யும் வழியும் குறுஞ்செய்தியாக வர வேண்டும். பிழை திருத்தி மறுபடி விண்ணப்பிப்பவருக்கு முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து பணம் தர வேண்டும். இதில் மூன்றாவது நடந்தால் மற்ற இரண்டும் தானாக வேகம் பிடிக்கும், ஏனென்றால் அப்போது தாமதத்தின் செலவு அலுவலகத்தின் கணக்கில் ஏறும்.

மகள் இப்போது இரண்டாம் ஆண்டு. குழுக் கடன் கடந்த பொங்கலுக்கு முன் முடிந்தது. பிடித்தம் செய்த 590 ரூபாய் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. அதன் மனு எண் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது.